வடிவா இருந்தா மட்டும் காணாது: நியூரல் ரெண்டரிங்கில சாமான்ட ஜியோமெட்ரி சரியா வாறதுக்கு முழுமையான வழிகாட்டி

நியூரல் ரெண்டரிங் எண்டா கனக்கப் படத்தில இருந்து ஒரு சாமான 3டியாப் படிச்சு எந்தக் கோணத்திலயும் காட்டுறது. அத நெர்ஃப், கோசியன் ஸ்ப்ளாட்டிங் எண்டு எந்த முறையில செய்தாலும் ஸ்கிரீன்ல சுத்திக் காட்டேக்க சாமான் அச்சொட்டா நிஜம் மாதிரித்தான் தெரியும். அதையே மெஷ்ஷா (முக்கோணங்களால ஆன 3டி மேற்பரப்பா) எடுத்து ப்ளெண்டர் எண்ட 3டி சொஃப்ட்வெயர்ல போட்டு, டெக்ஸ்சர கழட்டிப்போட்டு, லைட்ட ஒரு பக்கத்தால அடிச்சுப் பாருங்கோ. குழியும் மேடுமா இருக்கும், விளிம்பெல்லாம் மழுங்கிப் போயிருக்கும், அடிக்கட்டில ரெண்டு மில்லிமீட்டர் காணாமப் போயிருக்கும். ஏனெண்டா நாங்க அந்த மொடலுக்குக் குடுத்த வேலை 'படம் சரியா வரோணும்' எண்டது மட்டும்தான், மேற்பரப்பு சரியான இடத்தில இருக்கோணும் எண்டு ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்ல. வெறும் வீடியோ செய்யிறதெண்டா இது பிரச்சினையே இல்ல. ஆனா அந்த சாமான ஏஆர்ல, அதாவது ஃபோன் கமராவில தெரியிற நிஜ இடத்தில, மேசைக்கு மேல வைக்கோணும், நிழல் விழோணும், இல்லாட்டி அளவு பாத்து ஒருத்தர் காசு குடுத்து வாங்கோணும் எண்டா அங்கதான் மாட்டிக்கொள்ளுவீங்க.

உதாரணத்துக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்க எடுக்கிறன், கிட்டத்தட்ட ஒரு அடி உயரம், அஞ்சு முகம், உச்சில அன்னம். கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருப் பக்கம் கடை வச்சிருக்கிற ஆக்கள் கேக்கிறது இப்பிடியான சாமான்தான், கனடால லண்டன்ல இருக்கிற சனம் ஃபோன்ல தங்கட சாமியறைல வச்சுப் பாத்து ஓடர் பண்ணோணுமாம். இதவிட மோசமான சாமான் கிடைக்காது: பளபளப்பு, மெல்லிய தண்டு, குழிவான எண்ணெய்த் தட்டு, எல்லாம் ஒண்டா இருக்கு. இதில சரிவந்தா மண்பானை, மரயானை எல்லாம் சும்மா.

பிழை எங்க இருந்து வருது

2020ல வந்த நெர்ஃப் ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு விஷயம் படிக்குது: அங்க எவ்வளவு அடர்த்தி இருக்கு, எந்தத் திசையில இருந்து பாத்தா என்ன நிறம். நிறம் திசையோட மாறலாம் எண்ட அந்தச் சுதந்திரம்தான் படத்த அவ்வளவு வடிவாக்குது, அதேதான் ஜியோமெட்ரிய கெடுக்குது. மேற்பரப்பு பிழையான இடத்தில இருந்தாலும், ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு நிறத்தப் பூசி பயிற்சிப் படங்களோட பொருத்திவிடலாம்.

பித்தளையில இது எப்பிடி நடக்குதெண்டு கிட்டப் போய்ப் பாப்பம். விளக்கின்ட அடிப்பாகம் வெளியால வளைஞ்சிருக்கு, அதில தெரியிற டியூப் லைட்டின்ட பிரதிபலிப்பு குவிவாடியில வாற மாதிரி மேற்பரப்புக்குப் பின்னால இருக்கிற போலத் தெரியும். கமரா நகர நகர அந்த வெளிச்சப் புள்ளியும் பின்னால இருக்கிற ஒரு பொருள் மாதிரியே நகரும், மொடலும் 'ஓ, உள்ளுக்க ஒரு லைட் இருக்கு' எண்டு நினைச்சு பித்தளைய குடைஞ்சு உள்ளுக்க ஒரு வெளிச்சத்தக் கொண்டு போய் வைக்கும். எண்ணெய்த் தட்டு குழிவு, அங்க தலைகீழ், பிம்பம் மேற்பரப்புக்கு முன்னால காத்தில விழும், அதால தட்டுக்கு மேல ரெண்டு மூண்டு வெளிச்சத் துண்டு மிதந்துகொண்டு நிக்கும். மிதக்கிற துண்டையும் குழியையும் பாத்த உடனே ட்ரெய்னிங் காணாது எண்டு இன்னும் ஓட விடுறவைதான் கூட, ஆனா அது எவ்வளவு ஓடினாலும் போகாது, பாக்கப்போனா இன்னும் நல்லாப் பதிஞ்சு இறுகும்.

அதால என்ட அபிப்பிராயம் இதுதான்: ஜியோமெட்ரின்ட பெரிய பங்கு ட்ரெய்ன் பட்டன அமத்த முதலே தீர்மானமாகுது. லொஸ் ஃபங்ஷன (மொடல் எவ்வளவு பிழை விடுதெண்டு கணிக்கிற சூத்திரத்த) மாத்திப் பாக்க எல்லாருக்கும் ஆசை, ஆனா கமரா போஸ், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கமரா நிண்ட இடமும் பாத்த திசையும், பிழையெண்டா எந்த லொஸ்ஸும் காப்பாத்தாது.

படி 1: எவ்வளவு சரியா வேணும் எண்டத முதல்ல முடிவெடுங்கோ

வேர்னியர் கலிப்பர் ஒண்டு வாங்குங்கோ, டிஜிட்டல் எண்டா இன்னும் நல்லம். படம் எடுக்க முதல் சாமான அளந்து ஒரு தாள்ல எழுதுங்கோ: மொத்த உயரம், அடித்தட்டின்ட விட்டம் ரெண்டு திசையில, தண்டின்ட ஆக மெல்லிய இடம், எண்ணெய்த் தட்டின்ட விளிம்புத் தடிப்பு, ஒரு மூக்கில இருந்து எதிர் மூக்குக்குத் தூரம். பேந்து அளக்கலாம் எண்டு விட்டா சாமான் கடைக்குத் திரும்பிப் போயிடும்.

ஏஆர் காட்சிக்கெண்டா ஒரு மில்லிமீட்டர் பிழை ஒருத்தருக்கும் தெரியாது. மூடி, அச்சு, வேற சாமானோட பொருந்திற பாகம் எண்டா கால் மில்லிமீட்டர் வேணும், அதுக்கு ஃபோனும் நியூரல் ரெண்டரிங்கும் சரிவராது, ஸ்ட்ரக்சர்ட் லைட் ஸ்கேனர் தேடுங்கோ. வீணா மினக்கெடாதீங்க.

படி 2: இடமும் வெளிச்சமும்

நல்ல இடம் ஒரு உள்ளறை. ஜன்னல் வெயில் வேண்டாம், கொழும்பு வெயில் பத்து நிமிஷத்தில முகில் மூடி மூடித் திறக்கும், ஒரு சுத்துப் படம் எடுக்க முதலே நிழல் இடம் மாறிடும். ஃபேன நிப்பாட்டுங்கோ, வேர்க்கும்தான், ஆனா ஃபேன் சுத்தினா வெளிச்சமும் ஆடும், கீழ விரிச்ச பேப்பரும் ஆடும். ஏசி அறையில இருந்து கமராவ வெளிய கொண்டு வந்தா லென்ஸ்ல புகார் பிடிக்கும், ஒரு கால் மணித்தியாலம் விட்டுட்டு எடுங்கோ, இல்லாட்டி முதல் படங்கள் எல்லாம் மங்கலா வந்து ஒரு பக்கத்து ஜியோமெட்ரி மட்டும் சொதப்பும், காரணமும் விளங்காது.

வெளிச்சம் பெருசாவும் மென்மையாவும் இருக்கோணும். ரெண்டு எல்இடி லைட்டுக்கு முன்னால வெள்ளை வேட்டிய தொங்கவிட்டா நல்ல டிஃப்யூசர், நாலுமுழம் காணும், கரை மட்டும் மடிச்சு விடுங்கோ, இல்லாட்டி அந்தக் கரைநிறம் பித்தளையில கோடாத் தெரியும். எங்கட கறண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி செக்கனுக்கு 100 தரம் மினுங்கும், அதால ஷட்டர் 50ல ஒண்டு இல்ல 100ல ஒண்டு செக்கன்ல வையுங்கோ, இல்லாட்டி படத்துக்குக் குறுக்கால பட்டை பட்டையா விழும்.

பளபளப்புக்கு ரெண்டு வைத்தியம் சொல்லுவினம். ஒண்டு லைட்டிலயும் லென்ஸ்லயும் பொலரைசர் போட்டுக் குறுக்கால திருப்பி விடுறது. பீங்கான், வார்னிஷ் அடிச்ச மரம், அம்பலாங்கொடை முகமூடி மாதிரிச் சாமானுக்கு இது அருமை, கண்ணாடி மாதிரி மினுங்கிறது போய் உள்நிறம் மட்டும் நிக்கும். உலோகத்துக்கு வேலை செய்யாது, ஏனெண்டா பித்தளையில உள்நிறம் எண்டு ஒண்டு இல்ல, எல்லாமே பிரதிபலிப்புத்தான், அதையும் வெட்டினா சாமான் கறுப்பாப் போயிடும். இத அனேகமான வழிகாட்டியில எழுதிறேல்ல.

உலோகத்துக்குப் பவுடர்தான் வழி. ஸ்கேனிங் ஸ்ப்ரே கிடைச்சா அது, இல்லாட்டி பேபி பவுடர மேக்கப் பிரஷ்ஷால மெல்லிசாத் தட்டி விடுங்கோ. பழங்காலச் சாமான், கோயில் சாமான், ஆருன்டையும் விலைகூடின சாமான் எண்டா கேக்காமத் தொடாதீங்க. இதில ஒரு கெட்டித்தனமான வேலை இருக்கு: விளக்க அசைக்காம முதல்ல பவுடர் இல்லாம ஒரு தொகுதிப் படம், பிறகு அதே இடத்திலயே வச்சுப் பவுடர் போட்டு இன்னொரு தொகுதி. ரெண்டையும் ஒண்டாவே கமரா போஸ் கண்டுபிடிக்க விடுங்கோ, கீழ இருக்கிற பேப்பரும் போர்ட்டும் ரெண்டுக்கும் பொது எண்டதால ஒரே ஆள்கூறில வந்து நிக்கும். வடிவத்த பவுடர்ப் படத்தில இருந்து படிக்க வையுங்கோ, அத உறைய வச்சிட்டு நிறத்த மற்றப் படத்தில இருந்து படிக்க வையுங்கோ.

படி 3: படம் எடுக்கிறது

ஃபோன் எண்டா ப்ரோ மோட் உள்ள அப் ஒண்டு வேணும். ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, வைட் பலன்ஸ் நாலையும் லொக் பண்ணுங்கோ. எச்டிஆர், போர்ட்ரேட், அழகாக்கிற ஃபில்டர் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. ஒரே லென்ஸ், சூம் தொடவே வேண்டாம், சில ஃபோன் கிட்டப் போன உடனே தன்ட பாட்டுக்கு மெக்ரோ லென்ஸுக்குத் தாவும், அத செட்டிங்ல போய் நிப்பாட்டோணும். ஏலுமெண்டா ஸ்டெபிலைசேஷனையும் நிப்பாட்டுங்கோ, அது லென்ஸ்ஸையோ சென்சரையோ உள்ளுக்க ஆட்டுது, படத்தின்ட மையப்புள்ளி படத்துக்குப் படம் தள்ளுது, நாங்க எல்லாப் படத்துக்கும் ஒரே கமரா எண்டு சொல்லப்போறம், அப்ப அது பொய்யாகிடும். வீடியோ எடுத்து ஃபிரேம் பிரிக்கிறது லேசு, ஆனா அசைவு மங்கலும் ரோலிங் ஷட்டரும் (சென்சர் வரிவரியா வாசிக்கிறதால படம் சரியிறது) சேந்து வரும். படமாவே எடுங்கோ.

விளக்குக்குக் கீழ பழைய வீரகேசரி ஒண்ட விரிச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கோ. பித்தளையில பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, பேப்பர்ல உள்ள எழுத்துகள்தான் போஸ் கண்டுபிடிக்க உதவும். அதுக்குப் பக்கத்தில ஷாருக்கோ போர்ட் ஒண்டு, அளவு தெரிஞ்ச கறுப்பு வெள்ளைக் கட்டமும் அடையாளக் குறியும் உள்ள தாள். அத பிரிண்ட் எடுக்கேக்க 'பக்கத்துக்குப் பொருத்து' எண்ட ஒப்ஷன கழட்டி நூறு வீதத்தில எடுங்கோ, எடுத்த பிறகும் நம்பாம கலிப்பரால கட்டத்த அளவுங்கோ. 30 மில்லிமீட்டர் எண்டு நினைச்ச கட்டம் 29.6 எண்டு வந்திருந்து அத கவனிக்காம விட்டா, 300 மில்லிமீட்டர் விளக்கில 4 மில்லிமீட்டர் பிழை, மிச்சம் எல்லாம் சரியாச் செய்தும்! தாள தடிச்ச பலகையிலயோ கண்ணாடியிலயோ ஒட்டுங்கோ, கொழும்பு ஈரத்துக்குச் சும்மா தாள் ஒரு நாள்ல சுருளும்.

இனித் தூரமும் கோணமும். ஆழத்தில வாற பிழைக்கு ஒரு லேசான கணக்கு: தூரத்தின்ட வர்க்கத்த பிக்சல் பிழையால பெருக்கி, ஃபோகல் லெங்த்த பிக்சல்ல எடுத்து ரெண்டு கமராவுக்கிடைத் தூரத்தால பெருக்கி, முதலாவத ரெண்டாவதால பிரியுங்கோ. ஃபோகல் லெங்த் 3000 பிக்சல், சாமான் 60 சென்ரிமீட்டர் தூரம், அரைப் பிக்சல் பிழை எண்டு வைப்பம். ரெண்டு படத்துக்கும் இடைத்தூரம் 3 சென்ரிமீட்டர் எண்டா ஆழப்பிழை 2 மில்லிமீட்டர். அதே 15 சென்ரிமீட்டர் எண்டா 0.4 மில்லிமீட்டர். ஒரே பக்கத்தில நிண்டுகொண்டு நூறு படம் எடுக்கிறதில பிரயோசனம் இல்ல எண்டு சொல்லுறது இதாலதான்.

நடைமுறையில 10 பாகைக்கு ஒரு படம், ஒரு சுத்துக்கு 36, 60 சென்ரிமீட்டர் தூரத்தில பக்கத்துப் படங்களுக்கிடை கிட்டத்தட்ட 10 சென்ரிமீட்டர் வரும், மெச் ஆகிறதுக்கும் நெருக்கம் காணும். மூண்டு சுத்து: ஒண்டு கண்மட்டம், ஒண்டு மேல இருந்து சாய்வா, ஒண்டு தட்டுக்குக் கீழ இருந்து மேல பாத்து. இந்த மூண்டாவத ஆக்கள் விட்டிடுவினம், பிறகு எண்ணெய்த் தட்டின்ட அடிப்பக்கம் வயிறு மாதிரித் தொங்கும், ஏனெண்டா அத ஒரு கமராவும் பாக்கேல்ல. அன்னத்துக்கும் மூக்குகளுக்கும் கிட்டப் போய்க் கொஞ்சம் கூட எடுங்கோ, ஆனா ஒரேயடியாப் பாயாம படிப்படியா நெருங்கோணும்.

சுழல் மேசையில வச்சுச் சுத்தி எடுக்கிறதும் ஒரு வழிதான், ஆனா பின்னால உள்ள சுவர் அசையாம நிக்கும், சொஃப்ட்வெயர் அந்தச் சுவரப் பிடிச்சுக்கொண்டு 'கமரா நகரவே இல்ல' எண்டு சொல்லும். பேப்பரையும் போர்ட்டையும் மேசையோட சேத்துச் சுத்திப்போட்டு மிச்சப் பின்னணிய மாஸ்க் பண்ணி மறைக்கோணும். வெளிச்சம் சாமானோட சுத்தாதது இன்னொரு தலையிடி, மொடலுக்கு லைட் ஓடித்திரியிற மாதிரி இருக்கும். மேட் சாமானுக்குப் பரவாயில்ல, பித்தளைக்கு நீங்களே சுத்தி நடவுங்கோ.

படி 4: கமரா போஸ், இங்கதான் நேரம் செலவழிக்கோணும்

படங்களில இருந்து கமரா போஸ் கண்டுபிடிக்கிற கோல்மப் எண்ட சொஃப்ட்வெயர் காணும். எல்லாப் படத்துக்கும் ஒரே கமரா எண்ட ஒப்ஷன போடுங்கோ, லென்ஸ் மொடலுக்கு ஓப்பன்சிவி எண்டத எடுங்கோ, ஒண்டு ரெண்டு நூறு படம்தானே, எல்லாத்தோடயும் எல்லாத்தையும் மெச் பண்ண விடுங்கோ, கொஞ்சம் நேரம் எடுக்கும், தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ.

முடிஞ்ச உடனே ட்ரெய்னிங்குக்கு ஓடாதீங்க. மூண்டு விஷயம் பாக்கோணும். எல்லாப் படமும் பதிவாச்சோ, கமராக்கள் மூண்டு சுத்தாவும் மூடிக்கொண்டு நிக்கிதோ. சராசரி ரீப்ரொஜெக்ஷன் எரர் (3டிப் புள்ளிய திரும்பப் படத்தில போட்டுப் பாத்தா எவ்வளவு தள்ளி விழுது எண்டது) ஒரு பிக்சலுக்குக் கீழ இருக்கோ. மூண்டாவது ஆக முக்கியம், ஒருத்தரும் செய்யிறேல்ல: பேப்பர் சமதளமா வந்திருக்கோ எண்டு பாருங்கோ. புள்ளிகள க்ளவுட்கம்பேர் எண்ட 3டி அளக்கிற சொஃப்ட்வெயர்ல திறந்து பேப்பர்ல உள்ள புள்ளிகளுக்கு மட்டும் ஒரு தளம் பொருத்தி, பக்கவாட்டில இருந்து பாருங்கோ. தட்டையா இருந்தா நல்லம். கிண்ணம் மாதிரி நடுவில தாண்டு ஓரம் உயர்ந்தோ, இல்ல குடை மாதிரியோ நிண்டா லென்ஸ் வளைவு பிழையாக் கணிக்கப்பட்டிருக்கு, அந்த வளைவு உங்கட விளக்கிலயும் அப்பிடியே இருக்கும். எரர் எண் அருமையா இருந்தாலும் இது வரலாம், ஏனெண்டா பிழை எல்லாப் படத்திலயும் ஒரே மாதிரி ஒளிஞ்சிருக்கு. மருந்து, வேற உயரத்தில இருந்தும் சாய்வாவும் இன்னும் கொஞ்சப் படம், ஃபோன 90 பாகை திருப்பிப் பிடிச்சு எடுத்த சில படமும் சேத்து, திரும்ப ஓட விடுறது.

பிறகு லென்ஸ் வளைவ நீக்கின படங்கள எடுங்கோ, அனேகமான ஸ்ப்ளாட்டிங் கோட் நேர்க்கோட்டுக் கமராவத்தான் எதிர்பாக்கும்.

ஸ்கேல் இப்பவே போடுங்கோ. படத்தில இருந்து வாற 3டிக்கு அளவு கிடையாது, ஒரு அலகு எண்டது ஒரு மீட்டரோ ஒரு முழமோ எண்டு அதுக்குத் தெரியாது. போர்ட்டில தூரத் தூர இருக்கிற மூலைகளுக்கிடைத் தூரத்த வேற வேற திசையில எடுத்து, உண்மையான அளவோட பிரிச்சுச் சராசரி எடுங்கோ. திசைக்குத் திசை விகிதம் மாறினா ஸ்கேல் பிரச்சினை இல்ல, போஸ் பிரச்சினை, திரும்பிப் போங்கோ. நியூஸ் (NeuS, படி 5ல வரும்) மாதிரி முறைகள் சாமான ஒரு அலகு ஆரைக் கோளத்துக்குள்ள எதிர்பாக்கும், அதுக்காகச் சுருக்கினா எவ்வளவால சுருக்கினீங்க எண்டத எழுதி வையுங்கோ.

மாஸ்க் பத்தி அதிகம் சொல்ல ஒண்டும் இல்ல. படத்தில சாமான மட்டும் பிரிச்செடுக்கிற மெட்டாவின்ட சாம் (SAM) மொடல் அனேகமா நல்லாத் தரும், ஆனா மெல்லிய தண்டையும் தட்டுக்குக் கீழ உள்ள இடைவெளியையும் ஒவ்வொரு படமாப் பாருங்கோ, மாஸ்க் ரெண்டு பிக்சல் தின்டா விளக்கும் ரெண்டு பிக்சல் மெலியும்.

படி 5: எந்த முறை

இதில சண்டை பிடிக்கத் தேவையில்ல, அளந்து வச்சிருக்கினம். டிடியூ எண்ட டேட்டாசெட்டின்ட 15 சாமானில, சராசரி சாம்ஃபர் தூரம் (எங்கட மேற்பரப்பும் உண்மையான மேற்பரப்பும் சராசரியா எவ்வளவு விலகி நிக்குது எண்டது, குறைஞ்சா நல்லம்) மில்லிமீட்டர்ல: 2023ல வந்த சாதாரண 3டி கோசியன் ஸ்ப்ளாட்டிங் 1.96, நெர்ஃப் 1.49, வொல்எஸ்டிஎஃப் 0.86, நியூஸ் 0.84, 2024ல வந்த 2டி கோசியன் ஸ்ப்ளாட்டிங் 0.80, நியூரலாஞ்சலோ 0.61. படம் ஆக வடிவா, ஆக வேகமா வாற ஸ்ப்ளாட்டிங்தான் வடிவத்தில ஆகக் கடைசி, அத கவனிச்சுக் கொள்ளுங்கோ. அந்த எண்கள் லாப்ல ரோபோக் கையில கமராவ பூட்டி எடுத்ததில வந்தது, வீட்டில அப்பிடி வரும் எண்டு எதிர்பாக்காதீங்க, வரிசைய மட்டும் நம்புங்கோ.

ஏன் இந்த வரிசை? 3டி கோசியன் ஒவ்வொண்டும் ஒரு மங்கலான முட்டை, மேற்பரப்பு எண்ட ஒண்டு அதுக்குள்ள எங்கயும் எழுதி இல்ல, வேற கோணத்தில இருந்து பாத்தா ஆழமும் வேறயாத் தெரியும். 2டி முறையில முட்டைய தட்டையாத் தட்டி வட்டத்தகடாக்கினம், தகட்டுக்கு நோர்மல் (மேற்பரப்பு எந்தப் பக்கம் பாக்குது எண்ட திசை) உண்டு, ஆழமும் ஒரு இடத்திலதான். நியூஸ், வொல்எஸ்டிஎஃப் ரெண்டும் 2021, அதுகள் மேற்பரப்புக்கு உள்ள தூரத்தையே படிக்குது, உள்ளுக்க எண்டா கழித்தல், வெளிய எண்டா கூட்டல், பூச்சியம் வாற இடம்தான் மேற்பரப்பு, எஸ்டிஎஃப் எண்டுறது இதத்தான். 2023ல வந்த நியூரலாஞ்சலோ அதுக்கு மேல ஹாஷ் கிரிட்ட (பல நுணுக்க மட்டத்தில தகவல் வைக்கிற கட்ட அமைப்ப) போட்டு, பருமட்டில தொடங்கி நுணுக்கத்துக்குப் போகுது.

என்ட சிபாரிசு: ஒரு நல்ல ஜிபியூவோ கொலாபின்ட 16 ஜிபி டி4ஓ இருந்தா முதல்ல 2டி கோசியன். நிமிஷக் கணக்கில முடியும், போஸ் பிழையெண்டா அதிலயே தெரிஞ்சிடும். அது சரியெண்டா, இன்னும் நுணுக்கம் தேவையெண்டா மட்டும் எஸ்டிஎஃப் பக்கம் போங்கோ. மூல நியூஸ் ஒரு 2080டிஐயில ஒரு சாமானுக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல ஓடும், கறண்ட் போறத நினைச்சு செக்பொயின்ட்ட அடிக்கடி சேவ் பண்ண வையுங்கோ.

படி 6: ட்ரெய்னிங்கில எத முறுக்கிறது

2டி கோசியன்ல ரெண்டு முறுக்கிதான் முக்கியம். ஒண்டு டெப்த் டிஸ்டோர்ஷன், ஒரு கதிர் வழியா இருக்கிற தகடுகள ஒண்டுக்கொண்டு நெருக்கி ஒரே இடத்தில சேக்கிறது. ஒரிஜினல் கோட்டில இதின்ட எடை பூச்சியத்தில நிக்கும், நீங்களாத்தான் போடோணும், மேசைச் சாமான் மாதிரி எல்லை உள்ள காட்சிக்கு 1000, திறந்த வெளிக்கு 100 எண்டது எழுதினவையின்ட தெரிவு. மற்றது நோர்மல் கன்சிஸ்டன்சி, தகட்டின்ட நோர்மலும் ஆழப்படத்தில இருந்து வாற நோர்மலும் ஒத்துப்போகோணும் எண்டது, இது 0.05ல இருக்கும், 7000ஆவது இட்டரேஷனுக்குப் பிறகுதான் வேலை தொடங்கும், அதால 5000ல நிப்பாட்டிப்போட்டு 'ஒண்டும் மாறேல்ல' எண்டு சொல்லாதீங்க.

எஸ்டிஎஃப் பக்கம் ஐகோனல் லொஸ் இருக்கு, தூரப்புலத்தின்ட சரிவின்ட அளவு எல்லா இடமும் 1ஆ இருக்கோணும் எண்டு கட்டாயப்படுத்திறது, நியூஸ்ல அதின்ட எடை 0.1. கூட்டினா மேற்பரப்பு வழவழப்பா வரும், பாக்க நல்லாவும் இருக்கும், விஷயமும் அங்கதான் கெடும். ஒரு விளக்குக் கடைக்காரருக்கு அப்பிடி வழவழப்பா வந்த மெஷ்ஷக் காட்ட, அவர் ஃபோன வாங்கிச் சுத்திப் பாத்திட்டு, "தம்பி, எல்லாம் வடிவுதான், ஆனா முகம் மழுங்கிப் போச்சே, திரி எங்க வைக்கிறது?" எண்டார். அஞ்சு மூக்கின்ட நுனியும் உருண்டு போய் இருந்தது, பிஎஸ்என்ஆர்ல (படம் எவ்வளவு ஒத்துப்போகுதெண்டு சொல்லுற எண்ல) அதின்ட அடையாளமே இல்ல. அதால எடைய கூட்ட முதல் உங்கட சாமான்ல ஆகக் கூரான இடம் எது எண்டு பாத்து, ஒவ்வொரு தரமும் அந்த இடத்த மட்டும் பெருசாக்கிப் பாருங்கோ.

பவுடர் போட ஏலாத பளபளப்புச் சாமானெண்டா, நிறத்த பார்வைத் திசையால இல்லாம பிரதிபலிப்புத் திசையால படிக்கிற முறை இருக்கு, 2022ல ரெஃப்நெர்ஃப் காட்டின வழி. குழி விழுறது நல்லாக் குறையும், ஆனா நோர்மல் ஓரளவு சரியா இருந்தாத்தான் அதுவும் வேலை செய்யும்.

ஒற்றைப் படத்தில இருந்து நோர்மல், ஆழம் ஊகிக்கிற நெட்வேர்க்க துணைக்குச் சேக்கிறது இப்ப பெஷன், 2022ல மொனோஎஸ்டிஎஃப் அத நல்லாச் செய்து காட்டினது. வெள்ளைச் சுவர், வெறும் மேசை மாதிரிப் பிடிக்க ஒண்டும் இல்லாத இடத்துக்கு நல்லம். பித்தளை விளக்குக்கு நான் போடமாட்டன், அது பிரதிபலிப்பையே வடிவம் எண்டு நினைக்கும். போட்டாலும் தொடக்கத்தில மட்டும் போட்டு, போகப் போக எடையக் குறைச்சு விடுங்கோ.

ட்ரெய்னிங்கோட சேத்து போஸ்ஸையும் திருத்திற வசதி கன கோட்டில இருக்கு. சின்ன லேர்னிங் ரேட்ல போடலாம், ஆனா முடிஞ்ச பிறகு ஸ்கேல திரும்ப அளவுங்கோ, கமராக்கள் எல்லாம் சேந்து மெல்ல நகர்ந்திருக்கலாம்.

படி 7: மெஷ் எடுக்கிறது

நல்லா ட்ரெய்ன் ஆன மொடலையும் இங்க பழுதாக்கலாம். 2டி கோசியன்ல ஆழத்த சராசரியா எடுக்கிறதா மீடியனா எடுக்கிறதா எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, மேசைச் சாமானுக்கு மீடியன், ஏனெண்டா விளிம்பில சராசரி எடுத்தா தண்டுக்கும் பின்சுவருக்கும் நடுவில ஒரு பொய்ப் புள்ளி பிறக்கும்.

பிறகு ஆழப்படங்கள டிஎஸ்டிஎஃப்பில, அதாவது மேற்பரப்புக்குக் கிட்ட மட்டும் தூரத்த எழுதிற 3டிக் கட்டத்தில, சேக்கிறது. வொக்சல் (அந்தக் கட்டத்தின்ட ஒரு சின்னப் பெட்டி) அளவு உங்கட ஆகச் சின்ன நுணுக்கத்தின்ட மூண்டில ஒரு பங்கு எண்டு வையுங்கோ, மூக்கு நுனி 1.2 மில்லிமீட்டர் எண்டா 0.4. இனித்தான் பொறி: ட்ரங்கேஷன் தூரம் (மேற்பரப்பில இருந்து எவ்வளவு தூரம் வரை எழுதிறது எண்டது) வழக்கமா வொக்சலின்ட அஞ்சு மடங்கு, அதாவது 2 மில்லிமீட்டர். எண்ணெய்த் தட்டின்ட விளிம்பு 1.5 மில்லிமீட்டர் தடிப்பெண்டா, மேல இருந்து பாத்த கமரா எழுதினது மறுபக்கம் வரை போகும், கீழ இருந்து பாத்த கமரா எழுதினதோட அடிபடும், விளிம்பு தடிக்கும் இல்லாட்டி ஓட்டை விழும். அதால ட்ரங்கேஷன் மெல்லிய சுவரின்ட அரைவாசிக்கும் கீழ இருக்கோணும், அதுக்காக வொக்சலச் சின்னதாக்கோணும், மெமரி காணாட்டி சாமானைச் சுத்தி எல்லைய இறுக்குங்கோ. எஸ்டிஎஃப் முறையெண்டா பூச்சியம் வாற இடத்தப் பிடிச்சு முக்கோணமாக்கிற, 1987ல இருந்து இருக்கிற மார்ச்சிங் கியூப்ஸ்தான், அதிலயும் கட்ட அளவுக்கு இதே மூண்டில ஒரு பங்குக் கணக்கு.

மிதக்கிற துண்டுகளக் கழிக்க ஆகப் பெரிய துண்ட மட்டும் வைக்கிற ஒப்ஷன் இருக்கு. விளக்கில தொங்குசங்கிலி இருந்தா அதையும் கழிச்சிடும், பாத்துச் செய்யுங்கோ.

படி 8: அளந்து பாக்கிறது

படி 1ல எழுதின தாள எடுங்கோ, க்ளவுட்கம்பேர்ல அதே இடங்கள அளவுங்கோ, பக்கத்தில எழுதுங்கோ. பிழை எண்ணவிட பிழையின்ட சாயல்தான் கூடக் கதை சொல்லும். எல்லாம் ஒரே வீதத்தால கூடியோ குறைஞ்சோ இருந்தா ஸ்கேல், போர்ட்ட திரும்ப அளவுங்கோ. வெளி அளவு கூடி உள் அளவு குறைஞ்சிருந்தா, அதாவது சுவர் தடிச்சிருந்தா, ட்ரங்கேஷன் இல்லாட்டி மங்கலான படம். எல்லாமே மெலிஞ்சிருந்தா மாஸ்க். ஒரு திசையில மட்டும் இழுபட்டிருந்தா போஸ். உருண்டை வட்டமா இருக்கவேண்டிய அடித்தட்டு முட்டையா வந்தா அதுவும் போஸ்தான்.

சரியான ஸ்கேன் ஒண்டு கையில இருந்து அதோட ஒப்பிடுறதெண்டா, ஐசிபியால (ரெண்டு 3டி வடிவத்த ஒண்டுக்கு மேல ஒண்டு பொருத்திற முறை) பொருத்தேக்க ஸ்கேல திருத்திற ஒப்ஷன நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி உங்கட ஸ்கேல் பிழைய அது தானே மறைச்சுப்போட்டு நல்ல மார்க்ஸ் போடும். சாம்ஃபர் ஒரே எண்ணாப் பாக்காம ரெண்டாப் பிரிச்சுப் பாருங்கோ, எங்கட மெஷ்ல இருந்து உண்மைக்கு ஒண்டு, உண்மையில இருந்து எங்கட மெஷ்ஷுக்கு ஒண்டு. முதலாவது நல்லாவும் ரெண்டாவது மோசமாவும் இருந்தா இருக்கிறது சரி, கொஞ்சம் காணாமப் போயிருக்கு. ஸ்கேன் ஒண்டும் இல்லாட்டி அடுத்த நாள் திரும்பப் படம் எடுத்து ரெண்டு மெஷ்ஷையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிடுங்கோ, ரெண்டுக்கும் பொதுவான பிழை அதில தெரியாது, ஆனா உங்கட முறையில எவ்வளவு ஆட்டம் இருக்கெண்டு தெரியும்.

படி 9: ஏஆருக்கு அனுப்பிறது

ஏஆருக்கு அனுப்பிற 3டி ஃபைல் வகையான ஜிஎல்டிஎஃப்பில அலகு மீட்டர், மேல்பக்கம் ஒய் அச்சு. மில்லிமீட்டர்ல வச்சிருந்த மெஷ்ஷ அப்பிடியே அனுப்பினா 300 மீட்டர் விளக்கு வரும், கொழும்புத் தாமரைக் கோபுரமே 350 மீட்டர் சொச்சம்தான். அடித்தட்டின்ட கீழ்ப்பக்கத்துக்கு ஒரு தளம் பொருத்தி, அத உயரம் பூச்சியத்தில வச்சு, மையத்த தண்டுக்கு நேர கொண்டு வாங்கோ, இல்லாட்டி விளக்கு மேசைக்கு மேல கொஞ்சம் மிதக்கும் இல்ல ஒரு பக்கம் சாயும். முக்கோணங்களக் குறைக்கிறதெண்டா குறைச்சதையும் மூலத்தையும் திரும்பத் தூரம் பாருங்கோ, குறைக்கிற சொஃப்ட்வெயர் முதல்ல வெட்டிறது கூரான மூக்குகளத்தான். மூக்குப் பகுதிய தனியாத் தெரிஞ்சு அங்க அடர்த்திய விட்டிட்டு, தண்டிலயும் அடிவயித்திலயும் நல்லாக் குறையுங்கோ, மிச்ச நுணுக்கத்த நோர்மல் மப்பில (மேடு பள்ளத்த வெளிச்சத்தால மட்டும் காட்டுற டெக்ஸ்சர்ல) ஏத்தி விடலாம். ஸ்கேல் எண், சுருக்கின அளவு, வொக்சல், ட்ரங்கேஷன் நாலையும் ஃபைலோட ஒரு டெக்ஸ்ட்ல போட்டு வையுங்கோ, கடைக்காரர் ரெண்டு மாசத்தால இதே விளக்கின்ட ரெண்டடி சைஸையும் கொண்டு வந்து நிப்பார்.